கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொன்னால் சுவருக்கே கோபம் வரும். வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் என் வகுப்பே சிரிக்கும். மூன்றாம் வகுப்பு எனக்கு, இரண்டாம் வகுப்பு அவளுக்கு. பல வருஷமாக அவள் வகுப்பின் கூச்சலைக் காதில் வாங்கிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் என்கிற தகுதியில்தான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைகள் அவளைக் கட்டம் டீச்சர் என்பார்கள். பள்ளி முழுக்க அவள் ஒட்டிவைப்பதை க்யூஆர் கோடு என்று சொல்ல அந்த வயசில் நாக்கு புரளாது. கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருக்கிறதா, அதனால் கட்டம். போகப்போக நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள்கூட, "கட்டம் டீச்சர் ரூம் எது?" என்றுதான் விசாரிப்பார்கள்.

டீச்சர் ஆவதற்கு முன் அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டின் பின்பக்க அறையில் இருந்தாள். தம்பி பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்துவிடுவாள். எங்கள் ஆபீஸ் பிரிண்டர் எதை அடித்தாலும் இடது ஓரத்தை மங்கலாக்கும். நாங்கள் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருக்க, அவள் தாளைத் திருப்பிப் போட்டு, கட்டம் வலது பக்கம் விழுகிற மாதிரி அடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

வகுப்புப் பிள்ளைகளுக்காக அவள் நடத்திய புதையல் வேட்டை கட்டத்துக்கு மாறியது ஒரு எரிச்சலில்தான். முதலில் சீட்டில் எழுதிவைத்துத் தேடச் சொன்னாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் முன்னால் ஓட, மற்றதெல்லாம் வால் மாதிரி பின்னால் ஓடின. அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் சொன்னாள். "வாசிக்க வராததுங்க எதைத் தேடுறோம்னே தெரியாம ஓடுதுங்க அக்கா. எனக்குப் பார்க்கவே பிடிக்கல."

அதனால் சீட்டைப் பேச வைத்தாள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தன் குரலைப் பதிந்துவைத்தாள். பள்ளியில் இருந்த இரண்டு பழைய டேப்லெட்டுகளை, ஒன்றில் கண்ணாடி விரிசல், கெஞ்சி வாங்கினாள். பிள்ளைகள் அதைக் கட்டத்தின் முன் பிடித்தால் அவள் குரல் வரும். "தண்ணி குடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு வாளி இருக்கு. அதுக்குப் பின்னாடி பாருங்க." இப்போது வாசிக்கத் தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாகக் குனிந்து காதைக் கொடுத்தன. சத்தம் போதாது என்று டேப்லெட்டைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. பள்ளி விட்டபின் அவள் தனியாக உட்கார்ந்து ஒரே வரியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பதிவதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நோட்டுத் திருத்திக்கொண்டு கேட்டிருக்கிறேன். "ரேடியோ ஸ்டேஷனை எப்ப மூடுவீங்க?" என்று கத்துவேன். அவள் சிரிப்பதும் பதிவாகிவிடும், அழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

எல்லாக் குறிப்பும் ஒரே மாதிரிதான் முடியும். எனக்கே மனப்பாடம். "ஒரு கட்டம் கிடைச்சா அது அடுத்த கட்டத்துக்கு வழி காட்டும். கடைசிக் கட்டத்துல நீங்க தேடுறது இருக்கும். பயப்படாம போங்க, நான் பின்னாடியே வர்றேன்." சொன்னபடியே செய்வாள். கடைசியாகப் போகும் கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்து வருவாள். முன்னால் போக மாட்டாள், வழியும் சொல்ல மாட்டாள்.

கண்டுபிடித்த கட்டத்துக்கு ஒரு காகித நட்சத்திரம் ஒட்டுவது வழக்கம். முதல் வேட்டையில் பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் கட்டத்தின் மேலேயே ஒட்டித் தொலைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் கட்டம் திறக்கவில்லை, ஒரே அழுகை. அன்றிலிருந்து சட்டம் வந்தது, நட்சத்திரம் பக்கத்தில்தான், மேலே ஒட்டக்கூடாது. கடைசிக் கட்டத்தைப் பிடிப்பவர்களுக்கு மட்டும் தங்க நிற நட்சத்திரம். அது ஸ்டோர் அலமாரியில் இருக்காது. அவள் கைப்பையில்தான் எப்போதும் இருக்கும்.

அந்த வருஷம் அவள் வகுப்பில் ஒரு சின்னவள் இருந்தாள். வகுப்பிலேயே குள்ளம், உருண்டை முகம், எங்கே விட்டாலும் உருண்டு எங்கேயாவது போய்விடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் பட்டாணி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா அந்த வருஷ நடுவில் நோயில் விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். முதல் நாள் அம்மாவைச் சேர்க்கும்போது பட்டாணியும் கூடப் போயிருந்தாள். அதற்கப்புறம் வார்டுக்குள் குழந்தைகளை விடவில்லை. காலையில் அப்பா கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் அத்தை வந்து கூட்டிப் போவாள். நாங்கள் அம்மாவைப் பற்றி விசாரித்தால் அப்பா, "பார்த்துட்டு இருக்காங்க டீச்சர்" என்பார். 

ஒரு நாள் வேட்டை முடிந்து பிள்ளைகள் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தபோது பட்டாணி எழுந்து, "மிஸ், எங்க அம்மா கையிலயும் கட்டம் இருக்கு" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்டது. கட்டம் டீச்சர் கீழே சிதறிக்கிடந்த தாள்களைப் பொறுக்கியபடி, "அப்படியா, சமத்து. உட்காரு" என்றாள். வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற வார்த்தைதான்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. பள்ளி விட்டு மழைத் தூறல். வாசலில் குடையும் வண்டியுமாக நெரிசல். அத்தை வர நேரமாகிவிட்டது. வந்து நின்று, "பட்டாணி எங்க டீச்சர்?" என்று கேட்டபோதுதான் அவள் இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. வாட்ச்மேன், அவள் ஏதோ ஒரு குடும்பத்தோடு வெளியே போனதைப் பார்த்த ஞாபகம் என்றார். எந்தக் குடும்பம் என்று சொல்லத் தெரியவில்லை. அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஹெட்மிஸ் போலீசுக்கும் அப்பாவுக்கும் போன் போட்டுக்கொண்டு நின்றார். பள்ளிக் கழிப்பறை, மாடி, ஸ்டோர் ரூம் என்று எல்லா இடத்தையும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தோம்.  கட்டம் டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முக்கில் இருந்த பேனா பென்சில் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் அவராகவே கேட்டார். "என்ன டீச்சர், உங்க ஸ்கூல் குழந்தை ஒண்ணு வந்து இந்த ஸ்டிக்கர்ல காதை வச்சுக்கிட்டு நின்னுச்சே?"

கடை மேசையில் பணம் கட்டுவதற்கான கட்டம் ஒட்டியிருந்தது. அதன் மேல் சின்னதாக ஈரத்தடம். கட்டம் டீச்சர் அதை விரலால் தொட்டாள்.

"காதை வச்சா?"

"ஆமா. ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. யாரோ கூட வந்திருக்காங்கன்னு நினைச்சேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. தெருவில் கட்டம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். நானும் அன்றுதான் பார்த்தேன். எத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன். பழக்கடை, செருப்புத் தைக்கிறவரின் பெட்டி, பூட்டிய கடையின் ஷட்டர், மின்கம்பம், எங்கே பார்த்தாலும் கட்டம். பழக்கடைக்காரம்மா பட்டாணியைப் பார்த்திருந்தாள். "இதைத் திறந்து காட்டுங்க ஆன்ட்டின்னு கேட்டுச்சு. அந்த நேரம் பார்த்து யாரோ காசு போட, என் பெட்டி பேசிச்சு. உடனே சந்தோஷமா கிளம்பிடுச்சு. நல்ல பிள்ளைன்னு நினைச்சேன்." பணம் வந்ததைச் சொல்கிற அந்தப் பெட்டியின் குரலைக் கேட்டு, சரியான வழியில்தான் போகிறோம் என்று பிள்ளை நம்பியிருக்கிறாள்.

தெரு போய் முட்டுகிற இடம் பெரிய ரோடு. பஸ்ஸும் லாரியும் மூச்சு விடாமல் போகிற ரோடு. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம், அதன் கம்பத்தில் பஸ் நேரம் பார்க்கிற கட்டம். இந்தக் கரையிலிருந்தே தெரிந்தது. அந்தப் பிள்ளை இந்த ரோட்டைத் தனியாகக் கடந்திருக்கிறாள். நாங்கள் கடந்து போய்க் கேட்டோம். நிறுத்தத்தில் இருந்த யாரும் பார்க்கவில்லை. நின்றவர்கள் எல்லாம் அப்போதுதான் வந்தவர்கள்.

கட்டம் டீச்சர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. "நான்தான் அக்கா சொல்லி அனுப்பினேன். ஒரு கட்டம் அடுத்ததைக் காட்டும்னு நான்தான் சொன்னேன். எங்க முடியும்னு சொல்லவே இல்லையே."

"அழாதே. அவ எதைத் தேடுறாள்னு யோசி" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. எனக்கும் எரிச்சலாக இருந்தது, பயத்தில் வருகிற எரிச்சல்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா கையிலயும் கட்டம் இருக்குன்னு சொன்னா" என்றாள். "ஆஸ்பத்திரியில நோயாளி கையில ஒரு பட்டை கட்டுவாங்களே. கடைசிக் கட்டம் அதுதான் அக்கா."

ஆஸ்பத்திரி அதே ரோட்டின் கோடியில் இருந்தது. அப்பா தினமும் மகளை அதைத் தாண்டித்தான் பள்ளிக்குக் கூட்டிவருவார். நாங்கள் ஓடினோம். நான் ஓடினேன் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

நுழைவாசலில் பார்வையாளர் பதிவுக்காக ஆள் உயரத்துக்கு ஒரு கட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பட்டாணி, மடியில் புத்தகப்பை, தரையை எட்டாத கால்கள். பக்கத்தில் செக்யூரிட்டி. எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்து ஓடிவரவில்லை, அழவில்லை. செக்யூரிட்டியைத் திரும்பிப் பார்த்து, "சொன்னேன்ல அங்கிள், மிஸ் பின்னாடியே வருவாங்கன்னு" என்றாள்.

செக்யூரிட்டி எங்களிடம் கோபமாகத்தான் பேசினார். "யார் கூட வந்தேன்னு கேட்டா, மிஸ் பின்னாடி வர்றாங்கன்னு இதையே சொல்லுது. பேர் கேட்டா பட்டாணிங்குது. குழந்தையை இப்படி முன்னாடி அனுப்பிட்டு நீங்க எங்கம்மா போனீங்க?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.  கட்டம் டீச்சர் முழங்காலிட்டு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். வழி நெடுக அந்தப் பிள்ளை ஒரு தரம்கூடப் பயப்படவில்லை. அவ்வளவு நம்பிக்கை வைக்க நாம் யாருக்காவது தகுதியானவர்களா என்று நான் என்னையே கேட்டுக்கொள்வேன்.

நான் ஹெட்மிஸ்ஸுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வேலை உடையோடு, கையில் கிரீஸ் கறையோடு ஓடிவந்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவரைப் பட்டாணி விடவில்லை. "இன்னும் கடைசிக் கட்டம் இருக்குப்பா" என்றாள்.

கட்டம் டீச்சர் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளும் இவளைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா டீச்சர். என்ன பண்றதுன்னு எனக்குத்தான் தெரியல" என்றார்.

மாடியில் வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தாள். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, கிருமி தொற்றும். நான் வாயைத் திறந்தேன். என் வாய் எங்கள் பள்ளியில் பேர்போனது. நான் முழு வேகம் எடுப்பதற்குள் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். "உள்ள விடக்கூடாதுன்னுதான் ரூல். அவங்களை வராந்தாவுக்குக் கூட்டிட்டு வரலாம். கொஞ்ச நேரம் உட்காருங்க. பாப்பாவுக்கு முதல்ல கை கழுவி விடுங்க."

அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நான் அவளைப் பள்ளியில் சேர்க்கை நாளில் பார்த்திருக்கிறேன், உரக்கச் சிரிக்கிற பெண். இப்போது தலையில் துணி கட்டியிருந்தது, மூக்குக்குக் கீழே இறங்கிய மாஸ்க், போர்வைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தாள். பட்டாணி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். அது அம்மாதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. 

பிறகு பட்டாணி கிட்டே போய்ப் போர்வையை விலக்கி, அம்மாவின் இடது கையை எடுத்தாள். வெள்ளைப் பட்டை இருந்தது. அதைச் சுற்றித் திருப்பினாள். உள்மணிக்கட்டில், நரம்புக்கு மேலே, சின்னதாக ஒரு கட்டம். குனிந்து அதில் காதை வைத்தாள்.

"என்னடி பட்டாணி" என்றாள் அம்மா. குரல் மட்டும் மாறவில்லை.

பட்டாணி காதை எடுக்கவே இல்லை. எடுக்காமலே எங்களைப் பார்த்து, "கிடைச்சிடுச்சு மிஸ்" என்றாள்.

கட்டம் டீச்சர் கைப்பையைத் திறந்தாள். ஜிப் இரண்டு தரம் சிக்கிக்கொண்டது. தங்க நட்சத்திரம் ஒன்றைப் பிரித்து நீட்டினாள். பட்டாணி அதை விரல் நுனியில் வாங்கிக்கொண்டு, பட்டையைப் பார்த்து யோசித்தாள். பட்டையில் இடமே இல்லை. "கட்டத்து மேல ஒட்டக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அம்மாவின் புறங்கையில், பட்டைக்குப் பக்கத்தில், தோலிலேயே ஒட்டி அழுத்தினாள். அம்மா அந்தக் கையை மார்போடு வைத்துக்கொண்டு மகளின் தலையில் மற்றக் கையை வைத்தாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். 

மறுநாள் ஹெட்மிஸ் வேட்டையை நிறுத்தச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே கட்டம் டீச்சர் பள்ளி முழுக்க முழங்காலிட்டுக் கட்டங்களைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு நான் நிம்மதியாகப் பாடம் நடத்தலாம் என்று பார்த்தால், அந்த அமைதி எனக்கே பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் பொறுத்து, நான்தான் ஹெட்மிஸ்ஸிடம் போய் நின்றேன். மறுபடி அனுமதி கிடைத்தபோது அவள் எல்லாக் குறிப்பையும் புதிதாகப் பதிந்தாள். "நம்ம கட்டம் எல்லாம் நம்ம கேட்டுக்கு உள்ளதான். கேட்டைத் தாண்டினா அது நம்ம கட்டம் இல்ல" என்று முதலிலேயே வரும். கடைசி வரியை மட்டும் அவள் மாற்றவில்லை. அதை மட்டும் பல தரம் அழித்து அழித்துப் பதிந்தாள், தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேலி செய்யவில்லை.

பட்டாணியைச் சனிக்கிழமைதோறும் வராந்தா வரைக்கும் கூட்டிப்போக நர்ஸ் ஏற்பாடு செய்தாள். அம்மா அந்த நட்சத்திரத்தை எடுக்க விடவில்லையாம். ஊசி போடுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு இடம் தேடினார்களாம். ஆனாலும் காகித நட்சத்திரம் எத்தனை நாள் தாங்கும்? ஓரம் கிளம்பும், விழுந்துவிடும். விழும்போதெல்லாம் அப்பா காலையில் மகளை விட வரும்போது கேட் அருகே தயங்கி நிற்பார். "டீச்சர், ஒரு நட்சத்திரம் வேணும்." கட்டம் டீச்சர் கைப்பையிலிருந்து பிரித்து ஒரு சின்னத் தாளில் ஒட்டிக் கொடுப்பாள். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.

ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு காலையில் அவர் தனியாக வந்தார். பிரார்த்தனை மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பட்டாணி நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவர் சவரம் செய்திருக்கவில்லை. அன்றைக்கு வேலை உடையும் இல்லை.

"டீச்சர், புதுசா ஒண்ணு குடுங்க" என்றார். "நல்லா ஒட்டுற மாதிரி. மறுபடி வந்து வாங்க முடியாது."

கட்டம் டீச்சர் கைப்பைக்குள் கையை விட்டு, அங்கே இருந்த தங்க நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் பிள்ளைங்களுக்கு வேணுமே" என்றார்.